தோண்டுவதை மட்டும் சொல்கிற சொல்

கோட்புஸ், ஜெர்மனி
12.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சத்யா எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் அண்ணியும் நந்தினிக் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன வாரம் "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டேன். "ஆமா, சனிக்கிழமைதான்" என்றீர்கள். மைன்ஸில் மண் பெல்ட் ஓடுகிற இரைச்சலில் இத்தனை வருஷம் நின்றால் காது வேறு எப்படி இருக்கும்? வீடியோவில் நீங்கள் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. அதனால் இனிமேல் கடிதம். ப்ளஸ் டூவில் தமிழில் நல்ல மார்க் வாங்கியவர், சோம்பல்படாமல் பதில் போடுங்கள்.

நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் பாதிப் பேர் சுரங்கத்து ஆட்கள். இங்கேயும் நம் ஊர் மாதிரிப் பழுப்பு நிலக்கரிதான், திறந்தவெளிச் சுரங்கம்தான். முதல் தடவை பஸ்ஸிலிருந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோது மந்தாரக்குப்பம் வந்துவிட்டது என்று பையைத் தூக்கிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி பயந்துபோனாள்.

இங்கே லேமன் அம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். முன்பு பள்ளியில் ரஷ்ய மொழி நடத்தியவர். என் ஜெர்மனைத் திருத்துவது அவருக்குப் பொழுதுபோக்கு. நாம் மைன்ஸ் என்பதை இவர்கள் 'குரூபே' என்கிறார்கள். தோண்டுவது 'கிராபன்'. அதிலிருந்து வந்ததுதான் குரூபே. "ஒரு சொல் கிடைத்தால் அதோடு நிறுத்தாதே, அதன் உறவுக்காரர்கள் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டு வா" என்றார். பத்திரிகை வைக்கப் போகிற மாதிரி ஒவ்வொரு மொழியாகக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

நம் ஊர்ப் பக்கம் மைன்ஸ் எதுவரை வந்திருக்கிறது? வீடு போனது தெரியும். மற்றதெல்லாம்?

காதுக்கு டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் தங்கை,
சத்யா

*

புதுக் காலனி,
மந்தாரக்குப்பம்
9.6.2024

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

அண்ணன் அன்புமணி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணிக்கு முட்டி வலி, சத்துணவுக் கூடத்தில் நின்றபடியே வேலை. நந்தினி உன் போட்டோவைக் காட்டி "அத்தை ஐஸுக்குள்ள நிக்கிது" என்கிறாள்.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். சிவசங்கர் வீட்டில் வந்து பேசிவிட்டார்கள். தை இருபதாம் தேதி உனக்குக் கல்யாணம். நீ லீவு சொல்லி வை.

நீ கேட்ட 'மற்றது' ஒன்றுதான் பாக்கி, இடுகாடு. ஏரியைப் போன வருஷமே எடுத்தாகிவிட்டது. ஐப்பசி வாக்கில் மண் வெட்டுகிற மிஷின் இடுகாட்டுக்கு வந்துவிடுமாம். அவரவர் வீட்டு ஆட்களை எடுத்துப்போக விரும்பினால் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். காலனிக்குப் பின்னால் புது இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்பாவைக் கொரோனாவில் கடலூரிலேயே எரித்துவிட்டதால் அவரைப் பற்றிக் கவலை இல்லை. நமக்கு அங்கே இருப்பது அம்மா ஒருத்திதான்.

அம்மா சுமங்கலியாகப் போனவள். நம் வீட்டுப் பூவாடைக்காரி அவள்தான். புதுப் புடவை வைத்து, பம்பை அடித்து அவளை வரவழைத்து, உத்தரவு வாங்கிய பிறகுதான் இந்த வீட்டில் தாலி. என் கல்யாணத்துக்கு ஏரிக்கரையில் நின்று அழைத்தோம். இடுகாடு எதிரிலேயே இருந்ததால் சத்தம் கேட்டு வந்துவிட்டாள். உன் கல்யாணத்துக்கு எங்கே நின்று அழைப்பது?

எடுத்துவிடலாம் என்று அண்ணி சொல்கிறாள். எனக்குத்தான் கை வரவில்லை. பாம்பு கடித்துக் கிடந்தவளைத் தூக்கி வந்தவன் நான், மண் தள்ளியவனும் நான். தள்ளிய மண்ணை நானே எப்படி வாருவேன்?

உன் குரூபே நன்றாக இருக்கிறது. நம் ஊரில் நிலத்தை அளப்பதும் குழி, ஆளை வைப்பதும் குழி. இதற்கு ஜெர்மனி போக வேண்டியதில்லை.

அன்புடன்,
அண்ணன்

*

கோட்புஸ்
30.6.2024

அண்ணனுக்கு வணக்கம்.

இங்கே சுகம். அண்ணிக்கு முட்டி வலித் தைலம் அனுப்புகிறேன். கல்யாணச் சேதி படித்து வெட்கப்பட்டேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அதற்குமேல் மனம் அதில் நிற்கவில்லை.

அண்ணா, அம்மாவை எடுத்துவிடுங்கள்.

லேமன் அம்மாளின் ஊரையும் சுரங்கம் எடுத்துவிட்டது, எண்பதுகளில். வீடுகளை, தேவாலயத்தை, எல்லாவற்றையும். அவருடைய வீட்டுக்காரரே அந்த மிஷினில்தான் வேலை பார்த்தார். ஆனால் தோண்டுவதற்கு முன்னால் இடுகாட்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து, நகரத்து இடுகாட்டில் பெயர்க் கல்லோடு வைத்திருக்கிறார்கள். அவருடைய அம்மாவும் அப்படி வந்தவர்தான். "அவளை விட்டுவிட்டு என்னால் வர முடியுமா?" என்று என்னையே கேட்டார்.

அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் அடுத்த வீட்டுக்குப் போனோம். கிராபன் என்றால் தோண்டுவது. குரூபே என்றால் சுரங்கம். 'கிராப்' என்றால் கல்லறை. மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தவை. இங்கிலீஷில் கல்லறையை கிரேவ் என்கிறோமே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். கனமான, கடுமையான என்ற பொருளில் இன்னொரு கிரேவ் இருக்கிறது. அது லத்தீன் வீட்டுப் பிள்ளை, முகம்தான் ஒன்று, உறவு கிடையாது. டச்சுக்காரர்கள் கல்லறையை 'கிராஃப்' என்கிறார்கள். சுவீடனில் கல்லறைக்கு 'கிராவ்', சுரங்கத்துக்கு 'கிரூவா'. இத்தனை நாட்டுக்காரர்களும் சுரங்கத்தையும் சவக்குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். நமக்கு நிஜமாகவே பக்கத்தில் வந்துவிட்டது.

உங்களுக்குக் கை வரவில்லை என்றால் ஆள் வையுங்கள். நான் அங்கே இருந்தால் நானே மண்வெட்டியை எடுத்திருப்பேன். அம்மா இல்லாத கல்யாணம் எனக்கு வேண்டாம்.

சத்யா

*

புதுக் காலனி
5.8.2024

அன்புள்ள சத்யா,

நலமே. உன் தைலம் வந்தது. அண்ணிக்குப் போக மிச்சத்தைப் பக்கத்து வீட்டு வளர்மதி வாங்கிப் போய்விட்டாள், திரும்பி வராது.

பதில் தாமதம் என்று கோபித்துக்கொள்ளாதே. ஆடி மாதம். இதில் யாரும் அந்த வேலைக்கு வர மாட்டார்கள். மழை வேறு.

ஒரு நாள் போய்ப் பார்த்தேன். குழி வெட்டுகிற வேணுவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா தலைமாட்டில் நான் வைத்த நந்தியாவட்டை எப்போதோ பட்டுப்போயிருக்கிறது. இரண்டு பனைக்கு நடுவில் என்பதுதான் என் அடையாளம். பனைகளை வெட்டிவிட்டார்கள். முள்ளுதான் மண்டிக்கிடக்கிறது. வேணு நடந்து நடந்து பார்த்துவிட்டு, "இங்க ஒருத்தரு மேல ஒருத்தரு கெடக்கறாங்க அன்பு. எடம் பத்தாம ஒரே குழியில வச்சிக்கினு வந்தோம். தோண்டனா யாரு வருவாங்கன்னு சொல்ல முடியாது" என்றார்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இங்கே காண்டிராக்ட் வேலை. ஷிப்ட் மாற்றிக் கேட்டால் "வராத, வேற ஆளு இருக்காங்க" என்பான். ஆவணி வரட்டும், பார்க்கலாம்.

அண்ணன்

*

கோட்புஸ்
18.8.2024

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. மன்னியுங்கள்.

'பார்க்கலாம்' என்று எழுதுகிறீர்கள். மிஷின் 'பார்க்கலாம்' என்று நிற்குமா? அதன் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாருகிறவர் நீங்கள். ஒரு நாளைக்கு அது எவ்வளவு தூரம் முன்னால் வருகிறது என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அம்மா அந்த பெல்ட்டில் வரட்டும், நாம் மண்வெட்டியோடு கீழே நிற்போம் என்கிறீர்களா? எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப் போவதில்லை.

இங்கே ஒன்று தெரிந்துகொண்டேன். இந்த நாட்டில் கல்லறை வாடகைக்குத்தானாம். இருபது, இருபத்தைந்து வருஷம். பிறகு யாராவது நீட்டிக்க வேண்டும், இல்லையென்றால் கல்லை எடுத்துவிட்டு இன்னொருவரை வைப்பார்கள். லேமன் அம்மாள் இல்லத்துக்கு வந்த பிறகு அவருடைய அம்மாவுக்கு நீட்டிக்க ஆளில்லை. ஊரிலிருந்து அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்த கல்லறை இப்போது இல்லை. எவ்வளவு நிதானமாகச் சொன்னார் தெரியுமா?

அந்தச் சொல்லின் உறவில் இன்னொன்று இருக்கிறது, 'குரூபல்ன்'. ஒன்றையே நினைத்து நினைத்து மனதுக்குள் குடைந்துகொண்டிருப்பது. அதுவும் தோண்டுவதிலிருந்துதான் வந்ததாம். இந்த இரண்டு மாதமாக எனக்கு அதுதான் வேலை. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அவள் முகமே சரியாக நினைவில்லை. இடமும் போய்விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

செய்யுங்கள் அண்ணா. எனக்காக.

சத்யா

*

புதுக் காலனி
15.9.2024

என் அன்புத் தங்கைக்கு,

இன்று நான் மிகவும் நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

அம்மாவை எடுத்துவந்துவிட்டேன்.

போன ஞாயிறு காலையில் நான், வேணு, மதிவாணன் மாமா மூன்று பேரும் போனோம். கற்பூரம் ஏற்றி, "தப்பா நெனச்சிக்காதம்மா, எடத்த மாத்தறோம்"னு சொல்லிவிட்டு வெட்டினோம். முதலில் இரண்டு இடம் வீண். மூன்றாவதில் எலும்பு தட்டியது. வேணு சொன்ன மாதிரியே ஒரே குழியில் இரண்டு பேர். ஒருவர்மேல் ஒருவர்.

எது அம்மா? மண்ணில் கிடந்தால் எல்லாரும் ஒன்றுதான். மாமா, "போதும் மூடிடு, யாரையாவது தூக்கினு போயி தெய்வமா வச்சிடப் போற"ன்னு பயமுறுத்தினார். அப்போதுதான் வேணு கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டே வந்தவர் கால் பக்கத்தில் நிறுத்தினார். கறுத்துப்போய் ஒரு வளையம். தேய்த்தேன். வெள்ளி. மெட்டி சத்யா! அம்மா மெட்டியோடுதான் போனாள், நான்தானே பார்த்தேன். சுமங்கலி என்று கழற்றவே இல்லை. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அந்தக் குழியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். மாமா தோளைப் பிடித்துத் தூக்கினார்.

பால் ஊற்றிக் கழுவி, மஞ்சள் துணியில் சுற்றி, புதுப் பானையில் வைத்தோம். மெட்டியையும் அதோடு வைத்தேன். மாமாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பானை கனமாகவே இல்லை.

இன்னொருவரை அங்கேயே விட்டுவிட்டோம். "அது யாரோ எவரோ. அடுத்தவங்க வூட்டு ஆள நாம தொடக்கூடாது, அவங்களே வந்து எடுக்கட்டும்" என்றார் வேணு. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தோம்.

இப்போது அம்மா காலனிக்குப் பின்னால் இருக்கிறாள். நம் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும். நீ வந்து அவளிடம் உத்தரவு வாங்கிக் கழுத்தை நீட்டு. உன் பிடிவாதம் இல்லையென்றால் நான் செய்திருக்க மாட்டேன். நீதான் அம்மாவைக் கொண்டுவந்தாய்.

அண்ணன்

*

புதுக் காலனி
24.10.2024

சத்யாவுக்கு,

நலமா? ஒரு மாதமாகக் கடிதமும் இல்லை, போனை எடுத்தால் டூட்டி என்கிறாய். உடம்புக்கு ஏதாவதா? அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும்.

இடுகாட்டை மிஷின் எடுத்துவிட்டது. போன வாரம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மகாளய அமாவாசைக்கு அம்மாவுக்குப் படையல் போட்டோம். புடவை பச்சை. உனக்குப் பிடித்த நிறம் என்று அண்ணி எடுத்தாள்.

ஒரு வரியாவது போடு.

அண்ணன்

*

கோட்புஸ்
3.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டி வலி குறைந்ததா? இது நீங்கள் மட்டும் படிக்க வேண்டிய கடிதம். அதனால்தான் பள்ளிக்கூடத்து முகவரிக்குப் போடுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அம்மாவின் மெட்டி என்னிடம் இருக்கிறது. இரண்டு காலுடையதும்.

அம்மாவைக் குளிப்பாட்டும்போது பெரியம்மாதான் கழற்றினார். என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளங்கையில் அழுத்தினார். "வச்சிக்க. உங் கல்யாணத்துக்குப் போட்டுக்க. ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்சிதுனா சுமங்கலி மெட்டியக் கழட்டிட்டான்னு என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க" என்றார். பாதத்தை மஞ்சள் துணியால் மூடிவிட்டார். அண்ணன் பார்த்தது அதற்கு முன்னால். பெரியம்மாவும் போய்விட்டார். இந்த விஷயம் என் ஒருத்திக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடப் பெட்டி, ஹாஸ்டல் பெட்டி, இப்போது ஜெர்மனிப் பெட்டி என்று அது என்னோடு வந்துகொண்டிருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளத்தான் கல்யாணமே செய்துகொள்கிறேன் என்றுகூட நினைத்ததுண்டு.

அண்ணனுடைய கடிதத்தை டூட்டி அறையில் படித்தேன். மெட்டி என்ற இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். பானையில் வந்திருப்பவள் யாரோ ஒரு வீட்டுச் சுமங்கலி. "அது யாரோ எவரோ" என்று மண்ணைத் தள்ளிவிட்டு வந்தார்களே, அதுதான் அண்ணி நம் அம்மா.

உடனே எழுதியிருந்தால் அண்ணன் திரும்பப் போய் எடுத்திருப்பார். கடிதம் வேண்டாம், போன் போதும். நாள் இருந்தது. நான் போனைக் கையில் எடுத்தேன். குழியில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதியிருந்தாரே, அவரிடம் போய் 'அது அம்மா இல்லை' என்று கத்த வேண்டும். அவருக்குக் கேட்காது, திரும்பத் திரும்பக் கத்த வேண்டும். என்னால் முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மிஷின் எடுத்துவிட்டது என்று அடுத்த கடிதம் வந்துவிட்டது. பெல்ட்டில் வரட்டும் என்கிறீர்களா என்று அவரைக் கேட்டவள் நான். அம்மாவை அதில் ஏற்றிவிட்டவளும் நான்தான்.

இனி சொல்வதா, வேண்டாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

சத்யா

*

மந்தாரக்குப்பம்
27.11.2024

அன்புள்ள சத்யாவுக்கு,

அண்ணி கண்ணகி எழுதுவது. நலம். எனக்கு உன்னைப் போல எழுத வராது.

உன் கடிதத்தைச் சாம்பார் கொதிக்கும்போது படித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன். அன்று பிள்ளைகளுக்குச் சாம்பாரில் உப்புப் போடவில்லை.

உங்க அண்ணன் அந்தப் பானையை இறக்கி வைக்கவே இல்லை. நான் வாங்கக் கை நீட்டினேன். "இரு, நானே வச்சிக்கறேன்" என்றார். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். தூக்கத்தில் "மண்ணு, மண்ணு" என்று உளறுவார். கேட்டால் வேலை ஞாபகம் என்பார். பானை வந்த பிறகு ஒரு நாள்கூட உளறவில்லை. அதை நான் எப்படிக் கெடுப்பது?

நீ உடனே சொல்லியிருக்கலாம். அது தப்புதான், தப்பில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது சொன்னால் அவர் எங்கே போய்த் தோண்டுவார்? தோண்ட இடம் இல்லாத ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

மெட்டியை அவர் கண்ணில் காட்டாதே. புதுசு எடுத்துக்கொள்ளலாம். உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி

*

கோட்புஸ்
10.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதாமல் இருந்ததற்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இல்லத்தில் ஆள் குறைவு, அவ்வளவுதான்.

தை பத்தாம் தேதி வருகிறேன். எனக்கு மெட்டி எடுத்துவிடுங்கள், பண்ருட்டியிலேயே. எந்த மாதிரியாக இருந்தாலும் சரி.

அந்தச் சொல்லின் சுற்றுப்பயணத்தை முடித்துவிட்டோம். ரஷ்யாவில் 'குரோப்' என்றால் சவப்பெட்டி. என்னோடு வேலை பார்க்கிற போலந்துக்காரி 'குருப்' என்றால் கல்லறை என்கிறாள். அவர்கள் இறுதிச் சடங்குக்கு வைத்திருக்கிற பெயரும் இதே வேரில்தான் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மானியர்களிடமிருந்து இதை வாங்கிக்கொண்டு போய்ச் செதுக்குவதற்கு 'கிராவே' என்று வைத்துக்கொண்டார்கள். கல்லில் பெயர் வெட்டுகிறார்களே, அது.

இத்தனை வீடு ஏறி இறங்கிய பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. எல்லா மொழியிலும் இந்தச் சொல் தோண்டுகிற வேலையைத்தான் சொல்கிறது. உள்ளே இருப்பது யார் என்று ஒரு மொழியிலும் சொல்லவில்லை. லேமன் அம்மாளிடம் சொன்னேன். "அது சொல்லின் வேலை இல்லை" என்றார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக் கோட்டு இல்லாமல் ஷிப்ட்டுக்குப் போகாதீர்கள்.

சத்யா

*

கோட்புஸ்
23.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். அவர் புதுச்சேரியிலிருந்து தினமும் போன் செய்கிறார். விசா வர நான்கைந்து மாதம் ஆகுமாம்.

கல்யாணத்துக்கு அம்மாவை அழைத்த அன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏரி இல்லாததால் காலனித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்று பம்பை அடித்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கலசத்தில் பிடித்தார்கள். பம்பைக்காரர் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். யார் மேலும் வரவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அடிபட்ட பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். "அமிர்தம்மா, கோவமாம்மா?" என்று அம்மா பெயரைச் சொல்லிப் பம்பைக்காரர் கேட்டபோது அண்ணன், "நான் தோண்டனது அவளுக்குப் புடிக்கல"ன்னு தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் நீங்கள் ஆடினீர்கள். முட்டி வலியோடு. "வந்துட்டேண்டா அன்பு, எங் கொழந்தைக்குத் தாலி ஏறட்டும்" என்றீர்கள். அண்ணன் உங்கள் காலில் விழுந்தார்.

அன்றைக்கு உங்கள் மேல் வந்தது யார் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன் அண்ணி. யாரும் வரவில்லை என்றாலும் சரி.

லேமன் அம்மாளிடம் இங்கே வந்து கேட்டேன். உங்கள் ஊர் இடுகாட்டிலிருந்து எடுத்தபோது யார் யார் என்று எப்படித் தெரிந்தது? சிரித்தார். "யாருக்குத் தெரியும்? சின்னச் சின்னப் பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். என் அம்மா என்று காட்டினார்கள். கடைசிவரைக்கும் பூ வைத்தேன்" என்றார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இனிமேல் படையல் போடும்போது இன்னொரு இலையும் போடச் சொல்லுங்கள். யாருக்கு என்று அண்ணன் கேட்டால் ஏதாவது சொல்லுங்கள். வந்திருப்பவளுக்கு ஒன்று. விட்டுவிட்டு வந்தவளுக்கு ஒன்று.

சத்யா

*

புதுக் காலனி
16.3.2025

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லாரும் நலம். நந்தினிக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. எனக்குக் காதுக்கு மிஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு மிஷினோடு படுகிற பாடு போதாதா?

படையலுக்கு இன்னொரு இலை போடச் சொல்லி நீ எழுதியிருந்ததாக அண்ணி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் படையலிலேயே நான் இரண்டு இலைதான் போட்டேன். அம்மாவோடு ஒரே குழியில் அத்தனை காலம் படுத்திருந்தவர். நாம் வந்து ஒருவரை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். அவர் வீட்டு ஆட்கள் வந்து எடுப்பார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. எப்படி ஒரு இலை போடுவது?

உன்னிடம் எழுதாத ஒன்றையும் எழுதுகிறேன். மிஷின் இடுகாட்டுக்கு வந்த அன்று எனக்கு ஷிப்ட். லீவு போடச் சொல்லி அண்ணி கெஞ்சினாள். போடவில்லை. நம் அம்மாவுக்கு நாம் இருந்தோம். அந்த ஆளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருவராவது நிற்க வேண்டும் என்று நின்றேன். பனைமரத்து வேர் பெல்ட்டில் வந்தது. இனி வருவது அந்தக் குழி மண்தான் என்று தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். "ஹெல்மெட்ட மாட்டுய்யா, இன்னா எழவு வூட்ல நிக்கற மாரி நிக்கற" என்று சூப்பர்வைசர் கத்தினான். காது கேட்காதவன் என்று பெயர் எடுத்தது அன்றைக்கு உதவியது. அந்த மண் போய் முடியும்வரை நின்றேன். சும்மா நிற்கக்கூடாது என்று, நம் அம்மாவுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். "தப்பா நெனச்சிக்காத தாயே, எடத்த மாத்தறோம்." ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வாயில் தாயே என்றுதான் வந்தது.

மண்ணைக் கொட்டுகிற பக்கத்தில் வேலை செய்கிறவனைப் பிடித்து, அன்றைய மண் எந்த மேட்டில் விழுந்தது என்று கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஒரு நந்தியாவட்டைக் குச்சியை நட்டுவிட்டு வந்தேன். போன வாரம் போனேன். துளிர் விட்டிருக்கிறது.

யாராக இருந்தால் என்ன சத்யா, அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் நமக்குச் சொந்தம்தானே. உன் சொல்லுக்கு உறவுக்காரர்களைத் தேடிக்கொண்டு நாடு நாடாகப் போனாய். அந்தக் கணக்கில் இவரையும் சேர்த்துக்கொள்.

அங்கே குளிர் விட்டதா? மாப்பிள்ளைக்கு விசா வந்ததும் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
அன்புமணி